மூன்றாம் கவுண்டரின் குரல்

கரண்ட் போனால் போர்ட் பிளேயரில் வெள்ளலை படகு நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தில் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். "லைட் கயா" என்று யாராவது சொல்லி வாய் மூடுவதற்குள் நாற்காலிகள் பின்னுக்கு நகரும் சத்தம் கேட்கும். கொல்லைப் பக்கத்து ஜெனரேட்டர் இருமித் தும்மி எழுந்து நிற்க ஒரு நிமிடம். கம்ப்யூட்டர்கள் கண் விழித்துத் தயாராக இன்னொரு நாலைந்து நிமிடம். எதிர்க்கடையில் ஒரு டீ குடிக்க அது தாராளமாகப் போதும். யு.பி.எஸ். பெட்டிகளின் பேட்டரி செத்து இரண்டு வருடமாகிறது. மாற்றச் சொல்லி யாரும் வாய் திறக்காததற்கு இந்த டீயும் ஒரு காரணம்.

மூன்றாம் கவுண்டர் அப்ஸானா மட்டும் எழுந்திருக்க மாட்டாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை வைத்துத்தான் வேலை பார்க்கிறாள். வலது காதில் டெலிபோன், இடது காதில் கம்ப்யூட்டர். ஹேவ்லாக் தீவுக்குப் போக நான்கு டிக்கெட் வேண்டும் என்று கொல்கத்தாக்காரர் ஒருவர் ஹிந்தியில் கேட்டு முடிக்கும்போதே, எந்தப் படகில் எத்தனை இடம் காலி என்று இடது காது அவளுக்குச் சொல்லி முடித்திருக்கும். அந்த அலுவலகத்தில் அவளைவிட வேகமாக டிக்கெட் போட ஆள் கிடையாது. இது புகழ்ச்சி இல்லை, மாதக் கடைசியில் எடுக்கும் பட்டியலில் உள்ள விஷயம்.

கரண்ட் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானாக எழும். டிக்கெட் மென்பொருள் தானாகத் திறக்கும். வைரஸ் தடுப்பு தானாகத் திறக்கும். முதலாளி ஆசைப்பட்டு எடுத்த விளம்பரப் பாட்டுகூட, ஹிந்தியும் தமிழும் கலந்து கட்டி, கேட்க ஒரு ஈ காக்காய் இல்லாத நேரத்திலும் தானாகத் திறந்து முழுசாகப் பாடிவிட்டுத்தான் ஓயும். அப்ஸானாவின் வாசிக்கும் குரல் மட்டும் தானாகத் திறக்காது. அதைத் திறக்க ஒவ்வொரு தடவையும் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பாஸ்வேர்டு இரண்டே பேரிடம் இருந்தது. ஒருவர் மாடி அறையில் இருக்கும் மேனேஜர் இராமகிருஷ்ணன். இன்னொருவன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அஸ்வின். அவனுக்கு இதுபோல இன்னும் மூன்று அலுவலகங்கள் உண்டு, கூப்பிட்டால் மத்தியானத்துக்குமேல் வருவான்.

"உக்காந்திரு அப்ஸானா. யாராச்சும் வருவாங்க" என்பாள் இரண்டாம் கவுண்டர் சித்ரா, டீக்குப் போகிற போக்கில்.

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபது வருடமாகப் போர்ட் பிளேயரில் குப்பை கொட்டுகிறவள், பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுப்பாள், மீன் குழம்பு கொண்டுவந்தால் பங்கு வைப்பாள். ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் அப்ஸானாவுக்கு உச்சந்தலை காந்தும். யாரும் வரமாட்டார்கள். அவளே சுவரைத் தொட்டு, பதினாறு படி ஏறி, மேனேஜர் கதவைத் தட்டி, அவர் பெருமூச்சு விட்டு எழுந்து, அவளுக்கு முன்னால் இறங்கிவந்து பாஸ்வேர்டு அடித்துவிட்டுப் போவதற்குள் ஏழெட்டு டெலிபோன் அழைப்புகள் அடித்து ஓய்ந்திருக்கும். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு நான்கு தடவைகூட இப்படி நடந்தது.

அந்தப் பாஸ்வேர்டு பதினோரு எழுத்து என்பது அவளுக்குத் தெரியும். மேனேஜரின் விரல் விழும் சத்தத்திலேயே எண்ணியிருந்தாள். கடைசி நான்கும் எண்கள், மேல் வரிசைச் சத்தம் தனி. இன்னும் ஒரு வாரம் காது கொடுத்தால் மிச்சத்தையும் கண்டுபிடித்திருப்பாள். வேண்டாமென்று விட்டுவிட்டாள். என் நாற்காலியில் உட்கார்ந்து என் வேலையைச் செய்ய நான் எதற்குத் திருட வேண்டும் என்பது அவள் கட்சி.

இந்தக் குணம் அவளுக்குச் சின்ன வயசிலேயே உண்டு. வாப்பா அப்துல் கனி கீழக்கரையிலிருந்து வந்து அபர்டீன் பஜாரில் குடைக்கடை வைத்தவர். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் அது நல்ல வியாபாரம். மகளுக்கு எட்டு வயதில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்து, பன்னிரண்டில் முழுசாகப் போய்விட்டது. இனி இந்தப் பிள்ளையைப் பத்திரமாக வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பிள்ளை மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தது. நான்காம் நாள் அப்துல் கனி மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தார். அங்கே பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் இருந்தது.

சென்னைக்கு மூன்று நாள் கப்பல். மகள் தூக்கத்தில் எழுந்து எங்காவது போய்விடுவாளோ என்ற பயத்தில் உம்மா பஷீரா அவள் கையைத் தன் முந்தானையோடு முடிந்துவைத்தாள். விடியும்போது முந்தானைதான் இருந்தது, மகளைக் காணோம். கப்பலே ரெண்டுபட்டது. அவள் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். படி நாற்பத்தொன்று, எண்ணிக்கொண்டுதான் வந்தேன், என்னை ஆட்டுக்குட்டி மாதிரி கட்டிப்போடாதீர்கள் என்று சொன்னாளாம். பஷீரா இன்றைக்கும் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள், பெருமையாகவும் சொல்வாள்.

பள்ளி, கல்லூரி, கம்ப்யூட்டர் பயிற்சி எல்லாம் மெயின்லேண்டில் முடித்துத் திரும்பினாள். ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் நான்கு வருடம் அறைப் பதிவு பார்த்தாள். இடையில் ஒரு மாப்பிள்ளை வந்தார், வேலையை விட்டுவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. உங்களுக்கும் அதே நிபந்தனைதானே என்று இவள் கேட்டாள். அவர் டீயைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார். வாப்பா மவுத்தானதும் உம்மாவுக்குத் துணையாகப் போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில் இருந்த வீட்டுக்கே வந்து சேர்ந்து, முப்பத்தைந்தாவது வயதில் வெள்ளலை நிறுவனத்தில் மூன்றாம் கவுண்டரைப் பிடித்தாள். இருபது பேர் வந்த தேர்வில் பிடித்த இடம் அது.

சேர்ந்த முதல் பத்து நாள் அந்தக் குரல் தானாகவே திறந்துகொண்டுதான் இருந்தது. கம்ப்யூட்டர் எழுந்ததும் முதல் வேலையாக அவள் காதில் பேசும். கரண்ட் போனால் என்ன, வந்தால் என்ன, அவள் பாட்டுக்கு வேலை பார்த்தாள். பதினோராம் நாள் காலையில் விளம்பரப் பாட்டு மட்டும் கேட்டது. குரல் வரவில்லை. ஏதோ அப்டேட் வந்திருக்கிறது, இனிமேல் அது தானாக வராது, ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு போட்டுத்தான் திறக்க வேண்டும் என்றான் அஸ்வின். நம்பினாள். நம்பி எட்டு மாதம் படி ஏறி இறங்கினாள்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மேனேஜர் அவளை மாடிக்குக் கூப்பிட்டார். கரண்ட் போகும்போதெல்லாம் மூன்றாம் கவுண்டரில் அழைப்புகள் தவறுகின்றன என்று முதலாளி வருத்தப்படுகிறாராம். அதனால் ஒன்றாம் தேதியிலிருந்து அந்த இடத்துக்கு வேறு ஆள். அப்ஸானாவுக்குக் கீழே காத்திருப்பு அறை.

"வர்ற டூரிஸ்ட்டுக்குச் சிரிச்ச முகமா ஒரு வணக்கம் சொன்னாப் போதும்மா. ஆராம்ஸே, நிம்மதியா இருக்கலாம். சம்பளம் அதே சம்பளம்" என்றார்.

தான் பெரிய தயவு செய்வதாகவே அவர் நினைத்தார், பாவம். அப்ஸானா, "எனக்கு உக்கார வச்சுக் குடுக்குற சம்பளம் வேணாம் சார். என் கம்ப்யூட்டர் தானா பேசட்டும். ஒரு அழைப்பு தவறுச்சுன்னா நானே போயிடுறேன்" என்றாள். அது முடியாத காரியம், அஸ்வினே கையை விரித்துவிட்டான் என்றார் அவர்.

வீட்டில் உம்மாவும் அவர் பக்கம்தான் பேசினாள். "சம்பளம் குடுக்குறாங்கல்ல புள்ளே. பேசாம இருந்துட்டு வந்துரு." அப்ஸானாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டு, அஸ்வினுக்குப் போன் போட்டாள். எந்த அப்டேட், என்ன தேதி, அதன் எண் என்ன என்று வரிசையாகக் கேட்டாள். சென்னையில் தன்னோடு படித்தவர்கள் பேங்கிலும் ரயில்வேயிலும் இதே மென்பொருளை வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் வராத அப்டேட் எனக்கு மட்டும் எப்படி வந்தது என்றாள்.

அஸ்வின் நல்ல பையன்தான், பொய்யைக் காப்பாற்றத்தான் அவனுக்குத் தெரியாது. "சித்ரா மேடம்தான் மேடம்... ஞாயித்துக்கிழமை உங்க சிஸ்டத்துல அவங்கதானே உக்காருவாங்க. ஆன் பண்ணதும் அது ஸ்பீக்கர்ல கத்துது, தலை வலிக்குதுன்னு மேனேஜர்கிட்ட சொன்னாங்க. அவர் எடுத்துடச் சொன்னார். நீங்க கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம..."

மொத்தமே இரண்டு டிக். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே பேசு என்று ஒன்று, உள்ளே நுழைந்ததும் பேசு என்று ஒன்று. வாரத்தில் ஒரு நாள் உட்காருகிறவளின் தலைவலிக்காக, ஆறு நாள் உட்காருகிறவளின் வாயைக் கட்டியிருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்தக் குரலை நிறுத்த யாருடைய பாஸ்வேர்டும் வேண்டாம். மூன்று விசை தட்டினால் போதும். திறக்கத்தான் அனுமதி வேண்டும், மூட வேண்டாம். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் கரண்ட் மாதிரி வந்து போகிற கோபம் இல்லை.

மறுநாள் போய் மேனேஜரிடம் நேராகவே கேட்டாள். அவர் மறுக்கவில்லை. எல்லோருக்கும் அனுசரித்துத்தான் போக வேண்டியிருக்கிறது, இன்னும் மூன்று நாள்தானே, எதற்குக் கிளறுகிறாய் என்றார். சித்ராவிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சித்ராவும் அன்றைக்குப் பஸ்ஸில் இடம் பிடித்துவைக்கவில்லை.

முப்பத்தோராம் தேதி விடியும்போதே கடல் சரியில்லை. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் சிக்னல் ஏற்றிவிட்டார்கள் என்று பஸ்ஸிலேயே பேச்சு. ஒன்பது மணிக்குக் காலைப் படகு ரத்து. ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்ட டூரிஸ்ட்டுகள், அவர்களைத் தங்கவைத்திருந்த ரிசார்ட்டுக்காரர்கள், விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள், எல்லோரும் ஒரே சமயத்தில் டெலிபோனைத் தூக்கினார்கள். அப்ஸானா ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரின் டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிக் கொடுத்தாள். பத்து மணிக்குக் கரண்ட் போனது.

"லைட் கயா." நாற்காலிகள் நகர்ந்தன. "உக்காந்திரு அப்ஸானா" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த சித்ரா, பாதியில் நிறுத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஜெனரேட்டர் எழுந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது. விளம்பரப் பாட்டு பாடி முடித்தது. அப்ஸானா எழுந்திருக்கவில்லை. பதினாறு படியும் அங்கேயே கிடக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். டெலிபோன் அடித்தது, எடுத்தாள். ஹேவ்லாக்கிலிருந்து ஒரு ரிசார்ட் மேனேஜர், பன்னிரண்டு பேருக்கு மாற்ற வேண்டும் என்றார்.

அவள் ஹிந்தியில், அவசரப்படாமல், மரியாதையாகச் சொன்னாள். எனக்குப் பார்வை இல்லை. என் கம்ப்யூட்டர் வாசித்துச் சொன்னால்தான் நான் டிக்கெட் போட முடியும். அது தானாக வாசித்துக்கொண்டிருந்தது, எங்கள் மேனேஜர் நிறுத்தச் சொல்லிவிட்டார். மறுபடி வாசிக்கவைக்கும் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது. அவருடைய கைபேசி எண் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணைச் சொன்னாள், நன்றி சொன்னாள், வைத்தாள். டெலிபோன் மறுபடி அடித்தது. மறுபடி அதையே சொன்னாள். தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழில், ஆங்கிலத்தில் கேட்டவர்களுக்கு ஆங்கிலத்தில், அரைகுறை வங்காளத்தில்கூட ஒருவருக்கு. ஒரு அழைப்பையும் அவள் தவறவிடவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. பயம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நாளைக்குக் காத்திருப்பு அறையில் வணக்கம் சொல்லப்போகிறவளுக்கு இதைவிடப் பெரிதாக என்ன போய்விடப்போகிறது.

ஒன்பதாவது அழைப்பில் மேலே மாடியில் கதவு திறந்து மோதும் சத்தம் கேட்டது. மேனேஜரின் கைபேசி மணி அவருக்கு முன்னால் படியிறங்கி வந்தது. ஒன்றை நிறுத்தினால் அடுத்தது அடித்தது. டீ முடித்துத் திரும்பியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்னம்மா பண்றே நீ? யார் யாருக்கெல்லாம் என் நம்பரைக் குடுத்தே?"

"கேட்டவங்களுக்கெல்லாம் சார்."

அவர் குனிந்து படபடவென்று பாஸ்வேர்டை அடித்தார். பதினோரு தட்டல். அப்ஸானாவின் இடது காதில் குரல் பேசியது. சரி, வேலையைப் பார், மீதியைப் பிறகு பேசிக்கொள்கிறேன் என்று அவர் திரும்பினார்.

"நில்லுங்க சார். இது திறக்குறதுக்கு மட்டும்தான். அந்த ரெண்டு டிக்கையும் போட்டுட்டுப் போங்க. இல்லைன்னா அடுத்த தடவை கரண்ட் போகும்போதும் உங்க நம்பர்தான்."

அவளை அந்த இடத்திலேயே வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அவர் வாய் அதற்குத்தான் திறந்தது என்று சித்ரா பின்னால் சொன்னாள். ஆனால் மேஜைமேல் டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது, கையில் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது, டிக்கெட் மாற்ற அவளைவிட வேகமான ஆள் அந்தக் கட்டிடத்தில் இல்லை. மேனேஜர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்ஸானாவுக்குத் தெரியும். திரையைப் பார்க்காமலே சொன்னாள். மெனு, கீழ் அம்பு, என்டர். அமைப்புகள். பொது. இப்போது டேப், இன்னொரு டேப், அவசரப்பட்டு மவுஸைத் தொடாதீர்கள், இன்னும் ஒன்று. "ரெண்டு பெட்டி காலியா இருக்கும். ரெண்டுலயும் போடுங்க." கண் நன்றாகத் தெரிகிற ஐம்பது வயது மனிதர், பார்வையில்லாதவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விசையாகத் தேடித் தட்டினார். நடுவில் ஒரு தடவை தப்பாகத் தட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் இன்னொரு முறை பாஸ்வேர்டு கேட்டது, அடித்தார்.

"ஆச்சு. போதுமா?"

"பாத்துடலாம் சார்" என்று அப்ஸானா மேஜைக்கடியில் குனிந்து, கையால் தடவி, பிளக்கைப் பிடுங்கினாள்.

அவள் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் சொருகினாள். மின்விசிறி சுழலும் சத்தம் வந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போன் வயரையும் உருவிவிட்டாள். கம்ப்யூட்டர் எழுந்தது. டிக்கெட் மென்பொருளுக்கு முன்னால், வைரஸ் தடுப்புக்கு முன்னால், முதலாளியின் பாட்டுக்கு முன்னால், வாசிக்கத் தயார் என்று அந்தக் குரல் ஆங்கிலத்தில் அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது. டிக்கெட் மென்பொருளும் திறந்ததும் அப்ஸானா டெலிபோனை எடுத்து, ஹேவ்லாக் ரிசார்ட்டைக் கூப்பிட்டு, அந்தப் பன்னிரண்டு பேரையும் மாற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் ஒன்றாம் தேதி. அவள் மூன்றாம் கவுண்டரில்தான் போய் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளருக்கு மேனேஜரின் சொந்த எண்ணைத் தரக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது. அதையும் அந்தக் குரல்தான் அவளுக்கு வாசித்துக் காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கராச்சர்மா வீட்டுக் கொல்லையில் அப்ஸானா சூரை மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. சித்ரா. பின்னால் ஆங்கிலக் குரல் ஏதோ படித்துக்கொண்டே இருந்தது.

"கரண்ட் போயி வந்துச்சு அப்ஸானா. உன் பொம்பள நிறுத்தாமக் கத்துறா. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒண்ணு சொல்றா, எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது. அஸ்வின் போனை எடுக்கல. மேனேஜரும் கூட்டாளியோட வெளிய போயிட்டாரு. இதை எப்பிடி நிப்பாட்டுறது?"

இன்சர்ட், க்யூ, என்டர். மூன்றே விசை. நாக்கு நுனியில் இருந்தது.

"உக்காந்திருங்க சித்ராக்கா" என்றாள் அப்ஸானா. "யாராச்சும் வருவாங்க."

போனை வைத்துவிட்டு மீனை எடுத்தாள். செதிளும் குடலும் போக்கி, துண்டு போட்டு, மூன்று தண்ணீரில் அலசி, மஞ்சளும் உப்பும் தடவி உம்மாவிடம் கொடுத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். மேனேஜர் கதவைத் தட்டி அழைத்துவர ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகியிருக்கும். அப்புறம்தான் சித்ராவைக் கூப்பிட்டாள்.

முதல் மணியிலேயே சித்ரா போனை எடுத்தாள். அப்ஸானா மூன்று விசையையும் சொன்னாள். அந்தப் பக்கம் குரல் நின்றது.

"எட்டு மாசமா அப்பிடித்தான் உக்காந்திருந்தியா?" என்று சித்ரா மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாக்கா" என்றாள் அப்ஸானா. "நாளைக்குக் காலைல பஸ்ஸுல எனக்கு இடம் போட்டு வைங்க."